முழு நஷ்டமும் முறையான மதிப்பீடும்

கூட்டுறவு இயக்கம் எதற்காகத் தோன்றியது என்று வினவினால், குறைந்த வட்டிக்குக் கடன் கொடுப்பதற்காக என்று பலரும் விடை கூறுவர். 1904ஆம் ஆண்டின் முதற் கூட்டுறவுச் சட்டமே கடன் சங்கங்களுக்காக ஏற்பட்டதாகையால், அவ்விடை தவறன்று. ஆனால் அது முழு விடையும் அன்று. நெசவாளி நெய்த துணியை வாங்குபவனே தன் கோலால் அளந்தான். உழவன் விளைவித்த கடலையை வியாபாரியே தன் தராசில் நிறுத்தான். இரண்டுக்கும் விலையையும் அவனே சொன்னான். அந்நிலையை மாற்றவே நெசவாளர் சங்கங்களும் விற்பனைச் சங்கங்களும் எழுந்தன. 1933ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சென்னை வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின் நோக்கமும், அதன் வழிவந்த ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களின் நோக்கமும் இதுவே.

அளவுகோல் ஒரு தரப்பார் கையில் மட்டும் இருத்தலாகாது என்னும் இப்பாடத்தை நாம் துணியிலும் தானியத்திலும் நன்கு கற்றுக்கொண்டோம். ஆனால் வாகன இன்ஷூரன்ஸ் விஷயத்தில் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பதே என் கருத்து.

நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்று சிறு சரக்கு வாகனம் இல்லாமல் தொழில் இல்லை. கீரமங்கலத்துப் பூவும் ஆலங்குடிப் பக்கத்துப் பலாவும் விடியுமுன் சந்தையை அடைய வேண்டும். நூற்கட்டு வந்து சேர வேண்டும். நெய்த துணி கிடங்குக்குப் போக வேண்டும். ஆகவே, அங்கத்தினர் பலர் கடன் பெற்றுக் ‘குட்டியானை’ வாங்கியிருக்கின்றனர். சில சங்கங்களும் சொந்த வாகனம் வைத்திருக்கின்றன. 2018 நவம்பர் 16ஆம் தேதி கரையைக் கடந்த கஜா புயல், ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த பொருள் ஒரே இரவில் அழியக்கூடும் என்பதை நம் மாவட்டத்துக்குக் காட்டிச் சென்றது. புயலேயன்றிச் சாலை விபத்தும் அவ்வாறே.

வாகனம் விபத்தில் நொறுங்கிவிட்டால் நடப்பது என்ன? கம்பெனி நியமிக்கும் சர்வேயர் வந்து பார்க்கிறார்; அறிக்கை எழுதுகிறார். சில நாட்களில், ‘முழு நஷ்டம் எனக் கொண்டு இன்ன தொகை தருகிறோம், சம்மதக் கையெழுத்து இடுக’ என்று கடிதம் வருகிறது. வண்டிக்காரருக்குத் தவணை நெருங்குகிறது, வேலையும் நின்றுவிட்டது. வந்தவரை போதும் என்று கையெழுத்திட்டு விடுகிறார். அந்தத் தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டது என்று அவர் கேட்பதில்லை. கேட்கலாம் என்பதையும் அறிந்திருப்பதில்லை.

கணக்கு இதுதான். 2002ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார்க் கட்டண விதிகள், ஒவ்வொரு பாலிசியிலும் வாகனத்துக்கு ஒரு மதிப்பை முன்கூட்டியே குறிக்கச் செய்தன. ஐ.டி.வி. என்று பாலிசியில் அச்சிட்டிருப்பது இம்மதிப்பையே. அவ்வகை வண்டியின் அன்றைய விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்து இது காணப்படுகிறது. அவ்விதிகளின் வாய்ப்பாட்டின்படி, ஆறு மாதம் வரை 5 சதவீதம். ஓராண்டு வரை 15. இரண்டாண்டு வரை 20. மூன்றாண்டு வரை 30. நான்காண்டு வரை 40. ஐந்தாண்டு வரை 50. அதற்கு மேற்பட்ட வயதுடைய வண்டிக்கு இரு தரப்பாரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே மதிப்பு. பழுதுபார்க்கும் செலவு இம்மதிப்பில் 75 சதவீதத்தை மிஞ்சினால், வண்டி முழு நஷ்டமாகக் கருதப்படும். முழு நஷ்டமாயின், பாலிசிக் காலம் முடியும் வரை அம்மதிப்பே சந்தை விலை. அதில் மேலும் தேய்மானம் கழித்தலாகாது என்பது அவ்விதிகளின் தெளிவான வாசகம்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் வழக்கு ஏன் எழுகிறது? மூன்று இடங்களில் தொகை குறையக்கூடும்.

முதலாவது, மதிப்பிலேயே கைவைப்பது. பாலிசியில் ஒரு தொகையைக் குறித்து, அதற்குப் பிரீமியமும் வாங்கிக்கொண்டு, விபத்துக்குப் பின் ‘சந்தையில் இவ்வண்டி இவ்வளவு பெறாது’ என்று கூறுவது. இரண்டாவது, பழுதுபார்க்கும் செலவைக் குறைத்துக் காட்டி 75 சதவீதத்துக்குக் கீழே நிறுத்துவது. அப்படிச் செய்தால் வண்டி முழு நஷ்டம் ஆகாது. சாதாரணப் பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதியும், உலோகப் பாகங்களுக்கு வயதுக்கேற்றபடியும் தேய்மானம் கழித்து எஞ்சியதே கிடைக்கும். மூன்றாவது, நொறுங்கிய வண்டியின் விலையை உயர்த்திக் கூறுவது. நம்மவர்கள் அதிகம் கவனிக்காதது இந்த மூன்றாவதே.

ஓர் உதாரணம் கொள்வோம். பாலிசியில் கண்ட மதிப்பு ரூ. 4,00,000, வங்கிக்கு நிற்கும் கடன் ரூ. 3,00,000. உடைந்த வண்டி ரூ. 1,50,000 பெறும் என்று கணக்கிட்டு, ‘வண்டியை நீரே வைத்துக்கொள்ளும், ரூ. 2,50,000 தருகிறோம்’ என்று கம்பெனி எழுதுகிறது. இன்ஷூரன்ஸ் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்கே செல்லும். ஆகவே அங்கத்தினருக்கு ஓடும் வண்டியும் இல்லை, ரூ. 50,000 கடனும் மிச்சம். பழைய இரும்பு வியாபாரிகளோ அவ்வுடலுக்கு ரூ. 70,000க்கு மேல் தர மறுக்கிறார்கள். அவ்வாறாயின் அவருக்கு வரவேண்டியது ரூ. 3,30,000, அல்லது உடலைக் கம்பெனியே எடுத்துக்கொண்டு ரூ. 4,00,000 முழுவதையும் தர வேண்டும். இரண்டிலும் பாலிசியில் கண்ட கட்டாயக் கழிவு மட்டும் போகும். ஓர் எண்ணின் பிழை ஒரு குடும்பத்தைக் கடனில் நிறுத்துகிறது.

இவ்விடத்தில்தான் தனி மதிப்பீட்டாளர் தேவைப்படுகிறார். அமெரிக்க நாட்டு வாகனப் பாலிசிகள் பலவற்றில் இதற்கென்றே ஒரு விதி உண்டு: தொகையில் தகராறு எழுந்தால் இரு தரப்பாரும் தத்தமக்கு ஒரு மதிப்பீட்டாளரை நியமிப்பர், அவ்விருவரும் ஒத்துவராவிடில், தாமே தேர்ந்த நடுவரிடம் விடுவர். நம் நாட்டுப் பாலிசிகளில் இம்முறை இல்லை. எனினும், நமக்கு வழியில்லை என்று எண்ணிவிடலாகாது. நமது உச்ச நீதிமன்றம் அவ்வழியைத் திறந்தே வைத்திருக்கிறது.

தர்மேந்திர கோயல் என்பவர் ஓரியண்டல் இன்ஷூரன்ஸ் கம்பெனி மீது தொடுத்த வழக்கு 2008இல் தீர்ந்தது. அவருடைய டாட்டா சுமோ வண்டி ரூ. 3,54,000 மதிப்புக்குப் பாலிசி பெற்ற சுமார் ஏழு மாதங்களில் விபத்தில் அழிந்தது. கம்பெனி அம்மதிப்புக்கு வெகுவாகக் குறைந்த தொகையையே தர முன்வந்தது. மதிப்பை ஏற்றுப் பிரீமியம் வாங்கிய கம்பெனி, இழப்பு நேர்ந்தபின் அம்மதிப்பை மறுக்க இயலாது என்று நீதிமன்றம் கூறிற்று. இடைக்காலத் தேய்வுக்கென ரூ. 10,000 மட்டுமே கழித்தது. மறு ஆண்டு, 2009இல், பிரதீப் குமார் என்பவரின் லாரி வழக்கில், சர்வேயர் அறிக்கை தீர்வுக்கு அடிப்படையாகலாமேயன்றி அதுவே இறுதியான முடிவாகாது, அது எத்தரப்பாரையும் கட்டுப்படுத்தாது என்றும் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, நாம் கொண்டுவரும் மற்றோர் அறிக்கைக்கும் சபையில் இடம் உண்டு.

ஆனால் எந்த அறிக்கைக்கு இடம் உண்டு என்பதை அறிதல் அவசியம். பழகிய பட்டறைக்காரர் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் தொகை சான்றாக நிற்பது அரிது. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்ற, மோட்டார்ப் பிரிவில் பயிற்சியுள்ள சர்வேயர் ஒருவரை, அக்கம்பெனியோடு தொடர்பில்லாதவராகத் தேடி நாம் அமர்த்தலாம். அவர் வண்டியை விபத்துற்ற நிலையிலேயே, பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டும். பாகம் பாகமாகச் சேதத்தையும் விலையையும் எழுத வேண்டும். படங்கள் சேர்க்க வேண்டும். உடைந்த உடலுக்கு வியாபாரிகள் எழுத்தில் கொடுத்த விலைகளை இணைக்க வேண்டும். கம்பெனி சர்வேயரின் அறிக்கை நகலைக் கேட்டுப் பெற்று, எந்த வரியில், எத்தொகையில் வேறுபடுகிறார் என்பதைக் காரணத்தோடு காட்ட வேண்டும். ‘குறைவாகப் போட்டுவிட்டார்’ என்னும் பொதுப் புலம்பலுக்குப் பயன் இல்லை.

‘அரசாங்க உரிமம் பெற்ற ஒருவர் பார்த்த பிறகு, கைப்பணம் செலவழித்து இன்னொருவர் எதற்கு?’ என்று சிலர் கேட்பர். கம்பெனி நியமிக்கும் சர்வேயரும் நடுநிலை வகிக்கச் சட்டத்தால் கடமைப்பட்டவரே. அவர்களுள் நேர்மையாளர் பலர். ஆனால் நேர்மையாளரும் ஒரு பாகத்தைக் காணாது விடலாம். உள்ளூர் விலையை அறியாதிருக்கலாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. 1938ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டமே, வேண்டுமாயின் மற்றொரு சர்வேயரிடம் சுதந்திரமான அறிக்கை பெற ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. மறுமதிப்பீடு அவமதிப்பு அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனி மதிப்பீடு என்பது தொகையைப் பெருக்கும் தந்திரம் ஆகிவிடக் கூடாது. இன்ஷூரன்ஸ் நிதியும் பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொது நிதியே; அதில் பொய்க் கணக்கு எழுதுவது சங்கத்துப் பணத்தில் கைவைப்பதை ஒக்கும். நாம் அமர்த்தியவரே ‘கம்பெனி சொன்ன தொகை சரி’ என்று கூறினால், அதை ஏற்றுக்கொண்டு வழக்கை விடுவதே அறம்.

வழிமுறையையும் சுருக்கமாகக் கூறுவேன். ஆட்சேபத்தை எழுத்து மூலம், மறு அறிக்கையோடு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புக. வேறு வழியின்றித் தொகையைப் பெற நேர்ந்தால், ஆட்சேபத்துடன் பெறுவதாக எழுதிக் கையெழுத்திடுக. ஒரு மாதத்தில் நியாயம் கிடைக்காவிடில், சொந்த வாகனம் உடைய அங்கத்தினர் சென்னையில் உள்ள ஆம்புட்ஸ்மன் என்னும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். சங்கத்தின் பெயரில் உள்ள வாகனத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே ஏற்ற இடம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூட்டுறவுச் சங்கத்தையும் வழக்காடத் தக்க ‘நபர்’ எனக் கொள்கிறது. தொழில் நிறுவனம் என்ற காரணத்தால் மட்டும் இன்ஷூரன்ஸ் வழக்கைத் தள்ளலாகாது என்று 2023இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அங்கே இரண்டாண்டுக்குள் செல்ல வேண்டும்.

தனியொருவர் இவ்வளவையும் செய்வது கடினம். பலர் கூடினால் எளிது. ஆதலின் நிர்வாகக் குழுவினர் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

சங்கக் கணக்குகளை ஆய்வு செய்கையில் பிரீமியம் கட்டிய பதிவைக் காண்கிறேனே அன்றி, எம்மதிப்புக்குக் கட்டப்பட்டது என்னும் பதிவைக் காண்பது அரிதாக இருக்கிறது. ஆகவே, முதலாவதாக, வாகனப் பதிவேடு ஒன்று வைத்து, பாலிசி மதிப்பு, புதுப்பிக்கும் தேதி, வண்டியின் அன்றைய படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். தனியே கட்டிய கூண்டின் செலவையும் சொல்லிப் பாலிசியில் ஏற்ற வேண்டும். இரண்டாவதாக, சில நூறு ரூபாய் பிரீமியம் குறையும் என்பதற்காக மதிப்பைத் தாழ்த்திப் புதுப்பிக்கும் வழக்கத்தை அறவே ஒழிக்க வேண்டும். நாமே தாழ்த்தி எழுதிய மதிப்பை எந்த மதிப்பீட்டாளரும் எந்த நீதிமன்றமும் உயர்த்தித் தர இயலாது. மூன்றாம் தரப்புக்கு மட்டும் பாலிசி எடுத்தவருக்கோ, சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒன்றுமே கிடையாது. மூன்றாவதாக, அண்டையிலுள்ள சங்கங்கள் கூடி, உரிமம் பெற்ற தனி மதிப்பீட்டாளர் ஒருவரோடு முன்னரே கட்டணம் பேசி வைத்துக்கொள்ளலாம். விபத்து நேர்ந்த மறுநாளே அவர் வந்து பார்க்கும்படி ஏற்பாடு இருந்தால், பாதி வழக்குகள் கடிதத்தோடு முடிந்துவிடும் என்று நம்புகிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் இவ்விஷயத்தை நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன், அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்றிரவே தம் பாலிசியை எடுத்து, அதில் எழுதியுள்ள மதிப்பு என்னவென்று ஒருமுறை படித்துப் பார்ப்பாராக.