மாற்றுமுன் அளந்து பாருங்கள்



இரவில் காரில் செல்லும்போது முகப்பு விளக்குகள் மங்குவதும் பிரகாசிப்பதுமாகத் துடிப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். உடனே வண்டியில் இருக்கும் யாராவது ஒருவர், "பேட்டரி போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். விசாரணை இல்லாமல் வழங்கப்படும் இந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஓர் இரவு பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு வாடகைக் காரில் வந்துகொண்டிருந்தேன். கிணத்துக்கடவைத் தாண்டியதும் விளக்குகள் துடிக்கத் தொடங்கின. எதிரே லாரிகள் வரும் சாலை. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். "போன மாசந்தானுங்க சார் புதுப் பேட்டரி போட்டேன். அதுக்கு முன்னால ஒண்ணு மாத்துனேனுங்க. ரெண்டும் கடன்தானுங்க. இன்னமும் காலைல ஸ்டார்ட்டர் சோம்பலாத்தான் சுத்துதுங்க" என்றார்.

இரண்டு பேட்டரிகள் மாறியும் கோளாறு மாறவில்லை. அப்படியானால் கோளாறு பேட்டரியில் இருக்கிறதா? மறுநாள் காலை அவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். என்னிடம் இருந்த கருவி ஒரு மல்டிமீட்டர் மட்டுமே.

என்ன செய்தோம் என்று சொல்வதற்கு முன், காரின் மின்சுற்றைச் சற்றே நினைவுபடுத்திக்கொள்வோம். கார் பேட்டரியில் 6 ஈய-அமில மின்கலங்கள் தொடராக இணைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆகவே நன்றாக மின்னேற்றப்பட்டு ஓய்வில் இருக்கும் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் விளக்குகளுக்கு மின்சாரம் தருவதும், பேட்டரியில் மின்னேற்றுவதும் ஆல்ட்டர்னேட்டரின் வேலை. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் அதன் அடிப்படை. அது உண்டாக்கும் மாறுமின்னோட்டத்தை டையோடுகள் நேர்மின்னோட்டமாக்குகின்றன. ரெகுலேட்டர் மின்னழுத்தத்தைச் சுமார் 14 வோல்ட்டில் நிறுத்துகிறது. பேட்டரியைவிடச் சற்று உயரத்தில் இருந்தால்தானே அதற்குள் மின்னோட்டம் பாயும்?

திரும்பும் பாதையை மறந்துவிடாதீர்கள். காரில் இதற்கெனத் தனிக் கம்பிகள் அதிகம் இல்லை. எஞ்சினும் வண்டியின் உடலுமே கம்பியாகப் பயன்படுகின்றன. இதைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள். எஞ்சினையும் உடலையும் ஒரு பின்னல் பட்டை இணைக்கிறது.

இப்போது அளவுகளைப் பாருங்கள். எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய, ஆல்ட்டர்னேட்டரின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 14.1 வோல்ட் இருந்தது. ஆல்ட்டர்னேட்டர் குற்றவாளி அல்ல. ஆனால் பேட்டரி முனைகளுக்கு இடையே 12.9 வோல்ட்தான். நடுவழியில் 1.2 வோல்ட் எங்கே போயிற்று? மீட்டரின் ஒரு முனையை ஆல்ட்டர்னேட்டரின் வெளியீட்டு முனையிலும் மற்றொன்றைப் பேட்டரியின் நேர்முனையிலும் வைத்தோம்: 0.1 வோல்ட். பிறகு எஞ்சின் உடலிலும் பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்தோம்: 1.1 வோல்ட்! திருடன் அகப்பட்டான்.

குனிந்து பார்த்தபோது பின்னல் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் துரு, போல்ட்டும் தளர்ந்திருந்தது. எஞ்சினை நிறுத்தி, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, உப்புத்தாள் கொண்டு துருவைத் தேய்த்து, போல்ட்டை முறுக்கினோம். மீண்டும் அளந்தபோது அந்த 1.1 வோல்ட் 0.1 ஆகக் குறைந்திருந்தது. பேட்டரியில் 13.9 வோல்ட் வந்தது. செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

ஓம் விதிதான் இதில் முழுக் கதையும். இணைப்பில் 0.07 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 15 ஆம்பியர் பாய்ந்தால் ஏறத்தாழ 1 வோல்ட் வீணாகும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். அப்போது பெரும்பகுதி மின்னழுத்தம் துருவிலேயே போய்விடும். அதனால்தான் அது சோம்பலாகச் சுற்றியது. பழி பேட்டரியின் மேல் விழுந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் தளர்ந்த இணைப்பின் தடை மாறியது, விளக்கும் துடித்தது. இழை விளக்கில் மின்னழுத்தம் 13-லிருந்து 12 வோல்ட்டாகக் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் கருத்து இதுதான்: ஒரு பொருளை மாற்றிப் பார்ப்பதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பட்டறையில் நல்லதென்று தெரிந்த பேட்டரி ஒன்று சும்மா இருந்தால், அதைப் பொருத்திப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாடிக்கையாளரின் பணத்தில் புதிது வாங்கி மாட்டிவிட்டு, கோளாறு தீராதபோது அடுத்ததை மாற்றுவது சோதனை ஆகாது, அது ஊகம். அந்த ஊகத்தின் விலையைக் கொடுப்பவர் கடன் வாங்கிய ஓட்டுநர்.

மெக்கானிக்குகளை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நாம் என்ன கற்பிக்கிறோம்? ஓம் விதியை எழுதச் சொன்னால் என் மாணவர்கள் பிழையின்றி எழுதுவார்கள். "முனையில் 14 வோல்ட், பேட்டரியில் 13 வோல்ட், மீதி எங்கே?" என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். ஆய்வகத்துத் தடைப்பெட்டியில் படித்த விதி, பள்ளி வாசலில் நிற்கும் வேனுக்கும் பொருந்தும் என்று நாம் சொல்லித் தரவில்லை. பம்பும் மோட்டாரும் செய்து பேர் பெற்ற நம் கோவைக்கு இது அழகா? இளமையிலேயே பள்ளியை விட்ட ஜி.டி. நாயுடு, ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்துத்தான் இயந்திரங்களைக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டினார். ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் ஒரு கார் பேட்டரியும், இரண்டு விளக்குகளும், துருப்பிடித்த ஓர் இணைப்பும், ஒரு மல்டிமீட்டரும் இருக்கவேண்டும் என்பேன்.

விளக்கு துடித்தால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. ஒரு விளக்கு மட்டும் துடிக்கிறதா? அந்த விளக்கின் ஹோல்டரையும் எர்த்தையும் பாருங்கள். எல்லாமே துடிக்கின்றனவா? எல்லாவற்றுக்கும் பொதுவான பேட்டரி முனைகள், எர்த் பட்டை, பெல்ட், ஆல்ட்டர்னேட்டர் ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: சில புதிய கார்களில் மின்னேற்ற அழுத்தத்தைக் கணினியே கூட்டிக் குறைக்கிறது. அங்கே மீட்டர் ஒரே அளவைக் காட்டவில்லை என்பதற்காகக் கோளாறு என்று முடிவு கட்டக்கூடாது.

சில எச்சரிக்கைகள். டைனமோ காலத்துப் பழக்கமாக, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. ஆல்ட்டர்னேட்டர் உள்ள வண்டியில் இதனால் மின்னழுத்தம் திடீரென்று எகிறி, டையோடுகளும் மின்னணுப் பாகங்களும் கெடலாம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் தீப்பொறி கூடாது. உள்ளே இருப்பது கந்தக அமிலம். சுழலும் பெல்ட்டின் அருகே கையோ துணியோ போகக்கூடாது. பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே அளந்து பாருங்கள். மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடவே வேண்டாம். அவற்றில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும்.

அன்று அந்த ஓட்டுநர் மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன விலைங்க சார்?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு பேட்டரியின் விலையில் சிறு பங்குதான். அடுத்த வாரமே ஒன்று வாங்கிவிட்டதாகப் பின்னர் சொன்னார். உங்கள் வீட்டு வண்டியின் விளக்கு துடிக்கும் நாளில், "பேட்டரி போச்சு" என்று யாராவது சொன்னால், "அளந்து பார்த்தீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.