பிரேக்கிலிருந்து தொடங்கும் அளவு

கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டியுள்ள குருபரப்பள்ளியில் பழைய கார்களுக்கு வேலை அதிகம். சிப்காட் ஷிப்டுக்கு ஓடுகின்றன, பெங்களூருக்குப் போய் வருகின்றன, மாந்தோப்புக்குள்ளும் இறங்குகின்றன. அப்படி ஓடும் காரில் அலாய் வீல் விரிசல் விட்டால், இரும்பு வீலுக்கு மாறுவது நல்ல முடிவுதான். குழியில் விழுந்தால் இரும்பு பெரும்பாலும் வளையும், அலாய்போலச் சட்டென்று வெடிக்காது. விலையும் குறைவு.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. பெங்களூர் சிவாஜிநகர் குஜிரியிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ பழைய உதிரிபாகக் கடையில் நான்கு வீல் வாங்கி வருகிறோம். நட்டை இறுக்கினால் முன் வீல் சுற்ற மறுக்கிறது, பிரேக் காலிபர் தடுக்கிறது. இது தெரிந்துபோகும் கோளாறு என்பதால் ஆபத்து குறைவு. கையால் சுற்றும்போது மயிரிழையில் தப்பி, பாரம் ஏற்றி வளைவில் திரும்பும்போது உரசும் வீல்தான் அதிகம் பயப்பட வேண்டியது.

“அண்ணா, பதிமூணுதானே, உக்காந்துடும்” என்று கடையில் சொல்வார்கள். அந்தப் பதிமூன்று அங்குலம் எதன் அளவு? டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். உள்ளே பிரேக்குக்குக் கிடைக்கும் இடத்தின் அளவு அல்ல. டயரை ஏற்றவும் கழற்றவும் ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும். வெளியே பள்ளமென்றால் உள்ளே அது மேடு. பல இரும்பு வீல்களில் இந்தப் பள்ளம் வெளிப்பக்கம், நடுத்தட்டைப் பற்றவைக்கும் இடத்தையொட்டி இருக்கிறது. காலிபர் தலை நீட்டுவதும் அங்கேதான்.

புரிவதற்காக ஒரு கணக்கு போடுவோம். பிரேக் டிஸ்க்கின் விட்டம் 240 மில்லிமீட்டர் என்றால் மையத்திலிருந்து 120. அதற்குமேல் காலிபர் முதுகு 28 எடுத்துக்கொண்டால் 148. பதிமூன்று அங்குல வீலின் ஆரம் 165. கணக்கில் 17 மில்லிமீட்டர் மிச்சம் இருப்பதுபோலத் தெரிகிறது. பள்ளத்தின் ஆழம் 17, தகட்டின் கனம் 3 என்று கழித்தால் 145-தான் மிஞ்சும். மூன்று மில்லிமீட்டர் முட்டுகிறது. அதே பதிமூன்று அங்குலத்தில் பள்ளம் ஆழம் குறைந்தோ தள்ளியோ இருக்கும் வேறொரு வீல் தாராளமாக உட்காரும். எண் ஒன்றுதான், வடிவம் வேறு.

இடம் வேண்டியது மேலே மட்டுமல்ல, பக்கவாட்டிலும்தான். காலிபரின் வெளிமுகத்துக்கும் வீலின் நடுத்தட்டுக்கும் இடையே இடைவெளி வேண்டும். இதை ஆஃப்செட் எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆஃப்செட் என்பது ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது மட்டுமே. அது மாறினால் பள்ளம் காலிபருக்கு மேலே வந்து நிற்கலாம், விலகியும் போகலாம். ஆனால் நடுத்தட்டு எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. ஒரே ஆஃப்செட் கொண்ட இரண்டு வீல்களில் ஒன்று உரசும், மற்றொன்று உரசாது.

இதில் பட்டறைகளிலும் தவறவிடும் ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் இருப்பது நகரும் காலிபர். பிரேக் பேட் தேயத் தேய அது உள்பக்கம் நகரும். அதாவது நடுத்தட்டிலிருந்து விலகும். தேய்ந்த பேடோடு வீலை மாட்டிப் பார்த்து, இடைவெளி போதும் என்று முடிவு செய்தால், புதுப் பேட் போடும் அன்று காலிபர் மறுபடி வெளியே வந்து தட்டில் உரசும். புதுப் பேட், புது டிஸ்க் போட்ட நிலையில்தான் அளக்க வேண்டும்.

அப்படியானால் எங்கே தேடுவது? என் முதல் பதில்: ஸ்டெப்னி. அலாய் வீலோடு விற்ற உயர்ரகக் கார்கள் பலவற்றுக்கு டிக்கியில் கம்பெனி இரும்பு வீலைத்தான் வைத்தது. முன் வீல் பஞ்சரானால் அதைத்தான் மாட்ட வேண்டும் என்பதால், அந்த பிரேக்கைத் தாண்டும்படியே அதைச் செய்திருப்பார்கள். அளவில் சிறிய, வேகக்கட்டுப்பாடு எழுதிய ஸ்டெப்னியை நிரந்தரமாக ஓட்டக்கூடாது. ஆனாலும் எவ்வளவு சிறிய வீல் அந்தக் காலிபரைத் தாண்டும் என்பதற்கு அது சாட்சி. முன்பக்கம் மாட்டத் தடையில்லை என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது, அதே மாடலின் அதே பிரேக் கொண்ட கீழ்ரகத்தின் வீல். மாடல் பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பிரேக் அளவு மாறும் கார்கள் உண்டு.

1960-களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். குழுமம் சென்னைப் பாடியில் வீல்ஸ் இந்தியாவையும் பிரேக்ஸ் இந்தியாவையும் தொடங்கியது. வீல் ஒரு ஆலையில், பிரேக் இன்னொரு ஆலையில். இரண்டையும் பொருத்துவது கார் கம்பெனியின் வரைபடம். வேறு காரின் வீலை எடுக்கும்போது அந்த வரைபடத்தை நாம் விட்டுவிடுகிறோம், அதன் வேலையை நாமே செய்ய வேண்டியிருக்கிறது. அம்பாசிடரிலும் பத்மினியிலும் இது கூர்மையாகத் தெரியும். அவை முன்பக்கமும் டிரம் பிரேக்கோடு வந்த காலத்துக் கார்கள். டிரம்முக்காகச் செய்த பழைய வீல், பிற்காலத்தில் மாற்றிய டிஸ்க் பிரேக்கின் காலிபருக்கு இடம் தரும் என்று நம்ப முடியாது.

ஓட்டை வட்டம், அதாவது பிசிடி, பொருந்துவது தொடக்கம் மட்டுமே. ஜீப்புக்கும் ஜிப்ஸிக்கும் ஐந்து ஓட்டை, 139.7 மில்லிமீட்டர். அதனால் வீலை மாற்றி மாட்டிப் பார்க்கும் ஆசை வரும். நடு ஓட்டையும் தட்டின் குழிவும் ஒத்துப்போகின்றனவா என்பது தனிக் கேள்வி. ஃபியட் பாலியோவில் ஆபத்து இன்னும் நுணுக்கமானது. அதன் வட்டம் 98, சான்ட்ரோவினுடையது 100. இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், இழுத்துப் பிடித்தால் போல்ட் ஏறிவிடும். ஆனால் சாய்ந்தே ஏறும், ஓட ஓடத் தளரும். நான்கு ஓட்டை வீலில் எதிரெதிர் ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே அளந்தால் போதும், இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இடம் போதவில்லை என்றால் நம் பக்கத்தில் உடனே வரும் யோசனை ஸ்பேசர். ஓசூரில் அசோக் லேலண்டையும் டி.வி.எஸ். மோட்டாரையும் சுற்றி வளர்ந்த லேத் பட்டறைகளுக்கு ஒரு வளையம் கடைந்து தருவது சின்ன வேலை. நட்டுக்குக் கிடைக்கும் மரையைக் கணக்கிடாமல் அதைப் போடக்கூடாது. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் நட்டு குறைந்தது அந்த 12 அளவுக்காவது மரையில் ஏற வேண்டும் என்பது பொதுவான விதி. 1.5 பிட்ச் என்றால் எட்டுச் சுற்று, மாருதியின் 1.25 பிட்ச் என்றால் ஏறத்தாழ பத்துச் சுற்று. ஐந்து மில்லிமீட்டர் ஸ்பேசர் இதில் நான்கு சுற்றைத் தின்றுவிடும். அந்த லேத் திறமைக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது: வீலின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்பும் வளையத்தைத் துல்லியமாகக் கடைந்து தரலாம். காலிபரை அரத்தால் ராவுவதையும், ரிம்மை வெட்டித் திருப்பிப் பற்றவைப்பதையும் யார் கேட்டாலும் மறுத்துவிட வேண்டும். உயிர் தாங்கும் இரும்பு அது.

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் கேட்டு, டயர் ஏற்றாத ஒற்றை வீலை முன் ஹப்பில் மாட்டிப் பாருங்கள். காலிபரின் முதுகிலும் முகத்திலும் கொஞ்சம் சப்பாத்தி மாவை ஒட்டி, எல்லா நட்டையும் இறுக்கி, ஒரு முழுச் சுற்று சுற்றிக் கழற்றினால் அழுந்தி நிற்கும் மாவின் கனமே இடைவெளி. எங்கும் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பாரத்தில் வீல் வளையும், பேரிங்கில் சிறு ஆட்டம் இருக்கும். பிறகு டயர் ஏற்றி ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் ஹோஸில் படுகிறதா என்று பார்க்க வேண்டும். பேலன்சிங் போடுபவரிடம், ஒட்டும் ஈயத்தைக் காலிபர் பக்கம் உள்ளே வைக்காமல் விளிம்பில் மாட்டும் கட்டையைப் போடச் சொல்லுங்கள். அலாய்க்கு வந்த நட்டின் முகம் இரும்பு வீலின் இருக்கையில் சரியாக உட்காராமல் போகலாம், அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பின், கையேட்டில் சொன்ன டார்க்கில் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.