காலாவதியாகும் முகவரிகள்

முகவரி மாறிய இதழுக்குப் பழைய முகவரியிலேயே கடிதங்கள் வந்துகொண்டிருப்பது சிற்றிதழ் உலகில் புதிதல்ல. பழைய இதழைக் கையில் வைத்திருக்கும் வாசகர் அதில் அச்சாகியிருப்பதை நம்புகிறார். அவரை யாரும் குறை கூறுவதில்லை. மின்னஞ்சல் சர்வரை இடம் மாற்றும்போது நேர்வதும் ஏறக்குறைய இதுவே. ஆனால் இங்கே மட்டும், 'புதிய முகவரி இணையம் முழுக்கப் பரவ 48 மணி நேரமாகும், காத்திருங்கள்' என்ற பதிலைக் கேட்டுத் தலையாட்டப் பழகிவிட்டோம். அந்தப் பதிலில் உள்ள 'பரவ' என்ற சொல்லே பிழையானது என்பது நம் கருத்து.

ஆர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் இருந்தன. அதை அனைவரும் நகலெடுத்துக்கொண்டனர். வலை பெருகியபோது அம்முறை தாக்குப்பிடிக்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டி.என்.எஸ். முறையில், ஒவ்வொரு டொமைனின் முகவரியையும் அதற்குரிய சர்வரே சொல்கிறது. சொல்லும்போதே, 'இதை இத்தனை விநாடிகள் நம்பலாம்' என்று டி.டி.எல். எனப்படும் கெடுவையும் விதிக்கிறது. கேட்டவர் பதிலைத் தம் கேஷில் வைத்துக்கொள்கிறார். கெடு முடிந்ததும் மறந்துவிட்டு மீண்டும் கேட்கிறார். ஆக, இங்கே எதுவும் பரவுவதில்லை. பழைய நகல்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன. கெடு 86400 விநாடி என்றால் ஒரு நாள். 300 என்றால் ஐந்து நிமிடம். 48 மணி நேரம் என்பது எல்லோருக்கும் பொதுவான விதியன்று.

இதைப் புரிந்துகொண்டால் பழுதைத் தேடும் வழியும் தெளிவாகும். 'டிக்' கட்டளையால் முதலில் டொமைனுக்குரிய சர்வரையும், பின்னர் மின்னஞ்சல் சர்வர் வழக்கமாகக் கேட்கும் ரிசால்வரையும் கேட்க வேண்டும். இரண்டு பதில்களும் வேறுபட்டால், ரிசால்வரின் பதிலில் மீதமுள்ள விநாடிகளைப் பார்க்கலாம். காத்திருக்க வேண்டியது அவ்வளவே. இரண்டும் ஒன்றாக இருந்தும் மடல் பழைய இடத்துக்கே போனால், குற்றவாளி அந்த ரிசால்வரின் கேஷ் அன்று. எம்.எக்ஸ். பதிவுக்கும் அது சுட்டும் சர்வரின் முகவரிப் பதிவுக்கும் தனித்தனிக் கெடு உண்டு. இரண்டையும் பார்க்க வேண்டும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் யாரோ என்றோ எழுதிய ஒரு வரி இன்னும் இருக்கலாம். தனிக் கோப்புறைக்குள் அடைபட்டு இயங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், ரிசால்வர் விவரத்தின் பழைய நகலை வைத்திருக்கலாம்.

'அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பதிலும் நினைவில் வைக்கப்படுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. 1998இல் வந்த ஆர்.எஃப்.சி. 2308 இதை வரையறுத்தது. பதிவை உருவாக்கும் முன்பே, வந்துவிட்டதா என்று கேட்டுப் பார்ப்பவர், 'இல்லை' என்ற பதிலைத் தம் ரிசால்வரில் தாமே பதிய வைத்துவிடுகிறார்.

இதில் நம்மைப் போன்றோருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். பழைய சர்வர் அணைந்துகிடந்தால் அனுப்புநரின் சர்வர் மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாட்களாவது முயல வேண்டும் என்கிறது தரநிலை. 'இப்படி ஒருவர் இங்கில்லை' என்று மறுத்தால் மடல் உடனே திரும்பிவிடும். அனுப்பியவருக்குச் செய்தியாவது தெரியும். ஆனால் பழைய சர்வர் மடலை அன்போடு வாங்கி, எவரும் திறக்காத பெட்டியில் போட்டுவிட்டால்? முதன்முறை கவிதை அனுப்பியவர் அந்த மௌனத்தை நிராகரிப்பு என்றே வாசிப்பார். ஆசிரியருக்கோ அப்படியொரு கவிதை வந்ததே தெரியாது.

கேஷை அழித்துவிட்டால் போதும் என்பது அரைகுறை மருத்துவம். நம் கேஷை நாம் அழிக்கலாம். பிறர் நினைவிலிருப்பதை அழிக்க இயலாது. எனவே பொறுப்பு இடம் மாறுபவருடையது. மாற்றத்துக்குச் சில நாட்கள் முன்பே கெடுவை 300 விநாடியாகக் குறைத்து, பழைய கெடு முழுதாகக் கழியும்வரை பொறுத்து, பிறகே பதிவை மாற்ற வேண்டும். பழைய சர்வர் சில வாரங்களேனும் உயிரோடிருந்து, வந்த மடலைப் புதிய இடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். எப்போதும் குறைந்த கெடுவையே வைக்கலாமே என்போரும் உண்டு. டொமைனுக்குரிய சர்வர் சற்று நேரம் படுத்துவிட்டால் நம் பெயரைக் காப்பாற்றுவது பிறரின் அந்த நினைவுதான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இனி எவரேனும் '48 மணி நேரம்' என்றால், எந்தப் பதிவு, எந்த ரிசால்வர், இன்னும் எத்தனை விநாடி என்று கேட்போம். அதுவரை பழைய சர்வரை அணைக்க வேண்டாம் என்றும் சொல்வோம்.