உத்தரவாதம் முடிந்தால் உரிமையும் முடியுமா?



உங்களில் பலருக்கு மெல்பேர்னிலோ சிட்னியிலோ ஒரு நாநா இருப்பார். அல்லது திருமணமாகிச் சென்ற ஒரு மகள் இருப்பாள். அங்கே போய்ச் சேர்ந்த ஆரம்ப மாதங்களில் அவர்கள் வாங்கும் பெரிய பொருட்கள் எவை? கைத்தொலைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சிப் பெட்டி, சலவை இயந்திரம். அவை பழுதாகும்போது கடைக்காரர் சொல்லும் பதிலும் நமக்குப் பழக்கமானதுதான்: "உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, இனி எங்களால் ஒன்றும் செய்ய முடியாது."

அந்த நாட்டுச் சட்டத்தின்படி இந்தப் பதில் பல வேளைகளில் பிழையானது. ஆனால் அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு வீடு திரும்புவோர் ஏராளம். குறிப்பாக, ஊருக்குப் புதியவர்களும், ஆங்கிலத்தில் வாதாடத் தயங்கும் பெண்களும். ஆகவே இம்மாதம் இந்த விடயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இரண்டு வாக்குறுதிகள்

அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் 2011 ஜனவரி 1ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. கடையில் ஒரு பொருளை வாங்கும்போது உங்களுக்கு இரண்டு வாக்குறுதிகள் கிடைக்கின்றன. ஒன்று, பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் கொம்பனி எழுதித் தரும் உத்தரவாதம். அது ஓராண்டாக இருக்கலாம், ஈராண்டாக இருக்கலாம். மற்றது சட்டம் தரும் உத்தரவாதம். அது எந்த அட்டையிலும் எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன வேலையைச் செய்ய வேண்டும், விளம்பரத்தில் காட்டியபடி இருக்க வேண்டும், நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

முதலாவது முடிந்தாலும் இரண்டாவது முடிவதில்லை. ஓராண்டு உத்தரவாதத்துடன் பெரும் விலை கொடுத்து வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி பதினான்காம் மாதத்தில் இருண்டு போனால், "இவ்வளவு விலையுள்ள பொருள் இவ்வளவு காலம்தானா உழைக்க வேண்டும்?" என்று கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு.

பழுது பெரிதாக இருந்தால், அதாவது முன்பே தெரிந்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டோம் என்ற அளவிலோ, பாவிப்பது ஆபத்து என்ற நிலையிலோ இருந்தால், பணத்தைத் திரும்பப் பெறுவதா, வேறு பொருள் பெறுவதா என்று தீர்மானிப்பவர் வாங்கியவரே. பழுது சிறிதாக இருந்தால், கடைக்காரர் இலவசமாகத் திருத்தித் தரலாம். "கொம்பனியிடம் போய்க் கேளுங்கள்" என்று கடைக்காரர் கைகழுவ முடியாது, விற்றவர்தான் பொறுப்பு. பொருள் வந்த பெட்டியைக் கொண்டுவந்தால்தான் பார்ப்போம் என்றும் சொல்ல முடியாது. பற்றுச்சீட்டு தொலைந்திருந்தால் வங்கிக் கூற்று போன்ற வேறு சான்றும் போதும்.

அதேவேளை நியாயத்தையும் மறக்கக் கூடாது. நாமே கீழே போட்டு உடைத்ததற்கோ, வாங்கிய பின் நிறம் பிடிக்கவில்லை என்பதற்கோ இந்தச் சட்டம் உதவாது.

பெரியவர்களும் தண்டம் கட்டினார்கள்

இது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணிவிடாதீர்கள். கணினி உற்பத்தி நிறுவனமான எச்.பி., பல தடவை திருத்திய பின்னரே வேறு பொருள் தரப்படும் என்றவாறு வாடிக்கையாளரிடம் கூறியதற்காக 2013இல் 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் செலுத்தும்படி சமஷ்டி நீதிமன்றம் உத்தரவிட்டது. கணினி விளையாட்டுகளை விற்கும் வால்வ் நிறுவனத்துக்கு, பணம் திருப்பித் தர முடியாது என்று சொன்னதற்காக 2016இல் அதே அளவு தண்டம். நீர் பட்டாலும் பழுதாகாது என்ற விதமாகக் கைத்தொலைபேசிகளை விளம்பரம் செய்த சம்சுங்கிற்கு 2022இல் 1 கோடி 40 இலட்சம் டொலர். நனைந்த தொலைபேசியில் மின்னேற்றினால் அதன் மின்னேற்றும் துவாரம் அரித்துப் போகக்கூடும் என்பதை அந்த விளம்பரங்கள் சொல்லவில்லை.

நமக்கு மிகவும் பாடமானது அப்பிள் நிறுவனத்தின் வழக்கு. சிலர் உடைந்த ஐபோன் திரையை வெளியே வேறு திருத்துநரிடம் மாற்றியிருந்தார்கள். பின்னர் மென்பொருளைப் புதுப்பித்தபோது "பிழை 53" என்ற செய்தி தோன்றித் தொலைபேசி செயலிழந்தது. வெளியாள் கைவைத்ததால் உங்களுக்கு எந்தப் பரிகாரமும் இல்லை என்று, 2015 பெப்ரவரி முதல் 2016 பெப்ரவரி வரை, குறைந்தது 275 வாடிக்கையாளருக்குச் சொல்லப்பட்டது. அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. 2018 ஜூனில் 90 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. வெளியே திருத்தியது என்ற ஒரே காரணத்தால் வாங்கியவரின் உரிமை அழிந்துவிடாது என்பது இதனால் தெளிவானது.

அன்பளிப்பாக வந்தால்?

நாநா வாங்கித் தந்த தொலைபேசி பழுதானால் உரிமை யாருக்கு? அச்சட்டத்தின்படி, அன்பளிப்பாகப் பெற்றவருக்கும் வாங்கியவருக்குள்ள அதே உரிமைகள் உண்டு. ஆனால் பொருளை விற்றவர் அங்கே, நாமோ இங்கே. ஆகவே ஊருக்கு வரும் உறவினரிடம் பொருளோடு பற்றுச்சீட்டின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். விலையைப் பார்க்கக் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்தால் நினைக்கட்டும்! பழுதானால் அடுத்த பயணத்தில் அவர் கையிலேயே திருப்பி அனுப்பலாம்.

திருத்தக் கொடுக்கு முன்

பெண்கள் அவசியம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நமது தொலைபேசியில் இருப்பது வெறும் எண்களல்ல. பிள்ளைகளின் படங்கள், வீட்டுக்குள் சாதாரண உடையில் எடுத்த படங்கள், கணவனுக்கும் மகளுக்கும் அனுப்பிய குரல் செய்திகள், வங்கிக் கணக்கு என்று ஒரு குடும்பத்தின் அந்தரங்கமே அதற்குள் இருக்கிறது. தரவுகளைச் சேமித்து வைக்கும் பொருளைத் திருத்தக் கொடுக்கும்போது, தரவுகள் அழியக்கூடும் என்று அங்குள்ள திருத்துநர் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அழிந்தால் அறிவிப்பைக் காட்டுவார்கள். படம் திரும்பி வராது.

ஆகவே தொலைபேசி இயங்கும் நிலையில் இருந்தால், முதலில் படங்களை வேறோர் இடத்தில் பிரதி செய்யுங்கள். பிறகு கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளே இருப்பதை முழுமையாக அழியுங்கள். சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றி எடுங்கள். கடவு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் வேண்டாம். இந்த அறிவுரை சிட்னிக்கு மட்டுமல்ல, நமது ஊர்த் திருத்தகத்துக்கும் பொருந்தும். தொலைபேசி உயிரற்றுப் போன பிறகு இவற்றில் பலவற்றைச் செய்ய முடியாது. எனவே படங்களைப் பிரதி எடுப்பதை இன்றே ஒரு வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

சட்டத்தின் குறை

எல்லாம் நன்றாக இருக்கிறதா என்றால், இல்லை என்பதே எனது கருத்து. "நியாயமான காலம்" எத்தனை ஆண்டு என்று சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. விலையையும் பொருளின் தன்மையையும் வைத்தே தீர்மானிக்க வேண்டும். மலிவான தொலைபேசிக்கு ஒரு கணக்கு, விலை உயர்ந்ததற்கு வேறொரு கணக்கு. இதனால் உறுதியாக வாதாடுபவருக்குப் பணம் கிடைக்கிறது. கூச்சப்படுபவர் வெறுங்கையுடன் திரும்புகிறார். மேலும், மேலே சொன்ன தண்டங்கள் உரிமையைப் பற்றியோ பொருளைப் பற்றியோ பிழையாகச் சொன்னதற்கு விதிக்கப்பட்டவை. ஆணைக்குழு உங்கள் ஒரு தொலைபேசிக்காக வழக்காட வராது. தனிப்பட்ட முறைப்பாட்டுக்கு அந்தந்த மாநில நுகர்வோர் அலுவலகத்தையும், பின்னர் நியாய சபையையும் நாட வேண்டும்.

எனவே அங்குள்ள மகளுக்கு அடுத்த முறை அழைக்கும்போது சில விடயங்களைச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வைக்கட்டும். மேலதிகப் பணம் கட்டி நீடித்த உத்தரவாதம் வாங்கச் சொன்னால், "சட்டம் ஏற்கனவே தருவதை விட இதில் என்ன கூடுதல்?" என்று கேட்கட்டும். பழுதைக் கண்டதும் தாமதிக்காமல் விற்ற கடைக்கே போகட்டும். மறுத்தால், மறுப்பை எழுத்தில் தரும்படி கேட்கட்டும். வாய்ப்பேச்சில் உறுதியாக மறுத்தவர், அதை எழுதிக் கையொப்பமிடச் சொன்னதும் சற்று யோசிப்பார்.

பெரிய குரலில் சண்டை பிடிக்கத் தேவையில்லை. "நுகர்வோர் சட்டப்படி எனக்குரிய பரிகாரத்தைத் தாருங்கள்" என்ற ஒரே வாக்கியத்தை அமைதியாகச் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரிதான்.