மானிட்டர் கெட்டதா, கேபிள் கெட்டதா?

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது கெடார். அந்த மாதிரி ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டர் திரை திடீரென்று மஞ்சள் பூத்துவிட்டால் என்ன நடக்கும்? மானிட்டரைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரத்துக்குக் கிளம்புவார் கடைக்காரர். அன்றைக்குக் கடைக்கு லீவு. அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அதுவே கடைசி நாளாக இருந்தால், வாசலில் நிற்கும் பிள்ளைகளின் பாடு திண்டாட்டம். விழுப்புரத்தில் மெக்கானிக் வேறு கேபிளைச் செருகுவார். படம் பளிச்சென்று வரும்!

இந்த அலைச்சலைத் தவிர்க்க ஒரு பட்டன் போதும். மானிட்டரின் ஓரத்தில் இருக்கும் மெனு பட்டனை அழுத்துங்கள். திரை மஞ்சளாக இருக்கும்போதே அந்த மெனு மட்டும் சரியான நிறத்தில் வந்தால், மானிட்டர் நலம். கோளாறு கேபிளில், அல்லது கம்ப்யூட்டர் பக்கத்தில். திரை இருட்டாகவே இருந்தால், மானிட்டரின் கரன்ட் அப்படியே இருக்க, பட கேபிளை மட்டும் கழற்றிப் பாருங்கள். ‘நோ சிக்னல்’ என்றோ ‘செக் கேபிள்’ என்றோ எழுத்து வந்தாலும் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மஞ்சள் எப்படி வருகிறது? நீல முனையுள்ள பழைய வி.ஜி.ஏ கேபிள், ஐ.பி.எம் நிறுவனம் 1987-ல் கொண்டுவந்தது. அதில் மூன்று வரிசையாக 15 பின்கள். முதல் மூன்று பின்களும் முறையே சிவப்பு, பச்சை, நீலத்தைச் சுமக்கின்றன. நீலம் வராவிட்டால் திரை மஞ்சளாகும். சிவப்பு போனால் பச்சை கலந்த நீலம். பச்சை போனால் ரோஜா நிறம். எழுத்தெல்லாம் திடீரென்று பூதாகாரமாகத் தெரிந்தால், 12 அல்லது 15-வது பின் தொடர்பு விட்டிருக்கலாம். மானிட்டர் தன் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்த வழியாகத்தான்.

கேபிளைக் கழற்றி பின்களை எண்ணுகிறவர்கள் நடுவரிசையில் ஒன்று குறைகிறதே என்று பதற வேண்டாம். 9-வது பின் பல கேபிள்களில் பிறவியிலேயே கிடையாது. வளைந்த பின் இருந்தால், எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, லெட் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலின் முனையை அதில் மாட்டி மெதுவாக நிமிர்த்தலாம். அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். பிறகு இரண்டு பக்கத் திருகுகளையும் முடுக்குங்கள். பலர் அதைச் செய்வதே இல்லை. டேபிளைத் துடைக்க மானிட்டரை நகர்த்தும்போதெல்லாம் கேபிள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

ஹெச்.டி.எம்.ஐ கேபிளின் குணம் வேறு. அதில் 19 தொடர்புகள், எல்லாமே டிஜிட்டல். லேசாகப் பழுதானால் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். படம் சட்டென்று அணைந்து மீண்டும் வரும். திருகு இல்லாததால் எளிதில் தளரும். தங்க முலாம் பூசியது என்று கூடுதல் விலை சொன்னால் அசராதீர்கள். ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்குச் சாதாரண கேபிளே அதே படத்தைத் தரும்.

கேபிளை மாற்றியும் மஞ்சள் போகவில்லையா? வீட்டில் ஏதாவது லேப்டாப் இருக்குமே. அரசின் இலவச லேப்டாப் 2011-லிருந்து எத்தனையோ வீடுகளுக்கு வந்திருக்கிறது. கேபிள் பொருந்தினால் மானிட்டரை அதில் இணைத்து, விண்டோஸ் பட்டனோடு ‘பி’ எழுத்தை அழுத்தி, படத்தை அனுப்புங்கள். அங்கே நிறம் சரியாக வந்தால், பழுது கம்ப்யூட்டரின் பின்பக்கச் செருகுவாயில். விழுப்புரத்துக்குக் கொண்டுபோக வேண்டியது சி.பி.யு பெட்டியை, கூடவே அந்தக் கேபிளையும்.