ஹுன்சூர் விவசாயியின் பெயரால்...

சிகரெட் மீதான வரியை உயர்த்தினாலும் சரி, பெட்டியின் மேலுள்ள எச்சரிக்கைப் படத்தைப் பெரிதாக்கினாலும் சரி, புது தில்லியில் உடனடியாக எழும் ஆட்சேபம் விவசாயியின் பெயரால்தான் எழுகிறது. கர்நாடகத்தில் மைசூரு மாவட்டத்தின் ஹுன்சூர், பெரியபட்டணா, எச்.டி. கோட்டே வட்டங்களில் வர்ஜீனியா புகையிலை பயிரிடும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்ற வாதத்துடன் அமைச்சகங்களின் கதவுகள் தட்டப்படுகின்றன. தட்டுவது யார் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை.

அந்த விவசாயியின் நிலைமை எளிதானதல்ல. எவ்வளவு விளைவிக்கலாம் என்பதை நிர்ணயிப்பது, மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் குண்டூரில் இயங்கும் புகையிலை வாரியம். இலையைச் சூடேற்றிப் பதப்படுத்தும் கொட்டகைக்கு உரிமம் வேண்டும். அனுமதித்த அளவுக்கு மேல் விளைந்தால் அபராதம். ஏல மையத்தில் சிப்பங்களை அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தால், விலையை முடிவு செய்வது விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய கொள்முதல் நிறுவனங்கள். விலை சரிந்த ஆண்டுகளில் ஏலத்தை நிறுத்தி விவசாயிகள் போராடியதும் உண்டு. ஏல மையத்தில் எதிரெதிராக நிற்கும் விற்பவரும் வாங்குபவரும் தில்லிக்கு வந்ததும் ஒரே குரலில் பேசுவது எப்படி? மைசூரு இலையில் கணிசமான பகுதி ஏற்றுமதியாகிறது என்பதையும், உள்நாட்டுப் பெட்டியின் படம் அந்த இலையைத் தொடுவதே இல்லை என்பதையும் யாரும் நினைவுபடுத்துவதில்லை.

இந்தக் குரல் நாடாளுமன்றத்துக்குள் எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு 2015-ஆம் ஆண்டு நிகழ்வுகளே சான்று. பெட்டியின் இருபுறமும் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்று சுகாதார அமைச்சகம் 2014 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. திலீப் காந்தி தலைமையிலான மக்களவையின் சார்நிலைச் சட்டங்கள் குழு நிறுத்திவைக்கச் சொன்னது, அரசும் நிறுத்திவைத்தது. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்று குழுவின் தலைவரே பேசினார். குழு உறுப்பினர்களில் ஒருவர் அலாகாபாத் தொகுதியின் அன்றைய உறுப்பினர் ஷியாமா சரண் குப்தா. அவர் பீடித் தொழிலதிபர்.

எச்சரிக்கையின் அளவை 50 சதவீதமாகக் குறைக்கும்படி அந்தக் குழு 2016 மார்ச்சில் பரிந்துரைத்தது. நல்லவேளையாக அரசு அதை ஏற்கவில்லை. ராஜஸ்தான் உயர் நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் 2016 ஏப்ரலில் 85 சதவீத விதி அமலுக்கு வந்தது. பிறகு வழக்குகள் அனைத்தும் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. அந்நீதிமன்றம் 2017 டிசம்பரில் விதியை ரத்து செய்ய, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. ஓராண்டுத் தாமதம் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். நாட்டில் புகையிலையால் ஆண்டுக்கு 13 லட்சம் பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

பீடித் தொழிலதிபர் புகையிலை விதியைப் பரிசீலிக்கும் குழுவில் அமர்வதைத் தடுக்க மக்களவையில் விதியே இல்லையா? இருக்கிறது. நேரடியான பண நலன் உள்ள உறுப்பினர் குழுவில் இடம்பெறுவதை ஆட்சேபிக்க 255-ஆவது விதி இடமளிக்கிறது. ஆனால், ஆட்சேபிக்க யாராவது முன்வர வேண்டும். தானாக முன்வந்து விலகும் பழக்கம் நம் அரசியலில் எங்கே இருக்கிறது? மாநிலங்களவை உறுப்பினர்கள் இயக்குநர் பதவி, கட்டுப்படுத்தும் அளவிலான பங்குகள், ஊதியத்துடன் கூடிய ஆலோசனைப் பணி ஆகியவற்றைத் தங்கள் நலன்களுக்கான பதிவேட்டில் தெரிவிக்க வேண்டும். மக்களவைக்கு அப்படியொரு பதிவேடு கிடையாது. கேள்வி கேட்கப் பணம் பெற்றதற்காக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்களே, அவர்களில் 10 பேர் மக்களவையைச் சேர்ந்தவர்கள்!

அவைக்கு வெளியிலும் இதே கதைதான். லாபி எனப்படும் செல்வாக்குத் தரகுப் பணியை ஒழுங்குபடுத்த இந்தியாவில் சட்டம் இல்லை. அமெரிக்காவில் 1995 முதல் அதற்கென வெளிப்படைச் சட்டம் இருக்கிறது. இந்தியச் சந்தையில் நுழைவது உள்ளிட்ட விவகாரங்களுக்காக வால்மார்ட் செலவிட்ட தொகை 2012-இல் நமக்குத் தெரிய வந்ததே அங்கு தாக்கலான அறிக்கைகளால்தான். இங்கே நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணை நடந்தது. உறுதியாக எதுவும் கண்டறியப்படவில்லை. லாபிப் பணிகளை வெளிப்படுத்த வகைசெய்யும் தனிநபர் மசோதா ஒன்றைக் கலிகேஷ் நாராயண் சிங் தேவ் 2013-இல் மக்களவையில் கொண்டுவந்தார். 1970-க்குப் பிறகு தனிநபர் மசோதா எதுவும் சட்டமானதில்லை என்பதால், அதன் கதி என்னவாயிற்று என்று சொல்லத் தேவையில்லை.

அரசுக்கு இதில் அக்கறையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வெளிநாட்டு நிதியைக் கொண்டு புகையிலைக் கட்டுப்பாட்டுக்காக எம்.பி.க்களிடமும் ஊடகங்களிடமும் ஆதரவு திரட்டியதாகக் கூறி, இந்தியப் பொது சுகாதார அறக்கட்டளையின் வெளிநாட்டு நன்கொடை உரிமத்தை 2017-இல் உள்துறை அமைச்சகம் ரத்து செய்தது. பின்னர் 2022-இல் அது மீண்டும் வழங்கப்பட்டது. தொண்டு நிறுவனத்திடம் கணக்குக் கேட்பதில் தவறில்லை. அதே கேள்வியை சிகரெட் நிறுவனங்களிடமும் கேட்டிருந்தால் நடுநிலை என்று பாராட்டியிருக்கலாம்.

பெங்களூருவில் 2010-இல் நடந்த புகையிலை நிறுவனங்களின் உலக மாநாட்டுக்கு ஆதரவளிக்க முன்வந்தது மத்திய அரசின் புகையிலை வாரியமேதான். பொதுநல வழக்கு வந்த பிறகே பின்வாங்கியது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேச உடன்படிக்கையை 2004-லேயே ஏற்ற நாடு இது. அதன்படி தொழில் நிறுவனங்களின் தலையீட்டைத் தடுக்கும் நடத்தை நெறியை சுகாதார அமைச்சகம் வகுக்க 2020 ஆகிவிட்டது. அந்த நெறியும் சுகாதார அமைச்சகத்தைத் தாண்டவில்லை. வரி விதிக்கும் நிதி அமைச்சகமும், வாரியத்தை நடத்தும் வர்த்தக அமைச்சகமும் அதற்கு வெளியே நிற்கின்றன. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களே ஐ.டி.சி.யில் பங்குகளை வைத்திருக்கும்போது இந்த விலகலில் வியப்பில்லை.

கோரிக்கை வைப்பது குற்றமல்ல. தொழில் நிறுவனங்களுக்கும் அந்த உரிமை உண்டு. அமைச்சரையும் செயலரையும் யார், யார் சார்பில், எதற்காகச் சந்தித்தார்கள் என்பது வெளியிடப்பட வேண்டும். நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில், மனு அளித்தவர்களின் பெயருடன் அவர்களுக்கு நிதி அளிப்பவர்களின் பெயரும் இடம்பெற வேண்டும். மக்களவையில் நலன்களுக்கான பதிவேட்டை ஏற்படுத்த அரசியல் சாசனத் திருத்தம் எதுவும் தேவையில்லை. அவையின் விதிகளைத் திருத்தினாலே போதும்.

அப்படிச் செய்தால் மைசூரு விவசாயியின் சொந்தக் கோரிக்கையும் காதில் விழும். உரிமத்தை ஒப்படைத்துவிட்டுப் புகையிலையிலிருந்து வெளியேற முன்வருவோருக்கு உரிய இழப்பீடு வேண்டும் என்பது அங்கே நெடுநாள்களாக எழுப்பப்படும் கோரிக்கை. மாற்றுப் பயிருக்கான மத்திய அரசின் திட்டம் 2015-16 முதல் கர்நாடகத்துக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதில் எவ்வளவு பணம் ஹுன்சூருக்கும் பெரியபட்டணாவுக்கும் போய்ச் சேர்ந்தது என்று, விவசாயிக்காகக் கண்ணீர் வடிக்கும் உறுப்பினர்கள் அவையில் ஒரு கேள்வியாவது எழுப்பட்டும்.