பின் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக்?

ஞாயிறு விடியலில் பெங்களூரிலிருந்து தேவனஹள்ளி வழியாக நந்தி மலைக்குப் பறக்கும் கார்களில் பல, வெளிப்பார்வைக்குச் சாதுவானவை. சாதாரண ஹாட்ச்பேக்தான். பானெட்டுக்குள் இருப்பது வேறு சமாச்சாரம். இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர் புரோக்ராமை மாற்றி எழுதி, கம்பெனி கொடுத்ததற்கு மேல் இருபது முப்பது குதிரைசக்தியைக் கறந்திருப்பார்கள்.

இந்த ரகத்தின் செல்லப்பிள்ளை ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013-ல் இந்தியாவுக்கு வந்தது. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைசக்தி. 2022-ல் போலோ தயாரிப்பே இங்கு நின்றுபோனாலும் பழைய கார் சந்தையில் மவுசு குறையவில்லை. முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களில் டிரம். இந்த டிரம்தான் இளைஞர்களின் கண்ணை உறுத்துகிறது. பெரிய அலாய் வீல் மாட்டினால் கம்பிகளுக்கு நடுவே துருப்பிடித்த சட்டி போல எட்டிப் பார்க்கிறது. போதாக்குறைக்கு, 2016-ல் மிகக் குறைந்த எண்ணிக்கையில் இறக்குமதியான போலோ ஜி.டி.ஐ.யில் பின்னாலும் டிஸ்க். அண்ணனுக்கு இருப்பது தம்பிக்கு ஏன் கூடாது?

அடுத்த நிறுத்தம் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகள், அல்லது சிவாஜிநகரின் பழைய சாமான் கடைகள். வேறொரு காரின் பின் டிஸ்க்கும் காலிப்பரும் கிடைக்கின்றன. லேத்தில் ஒரு பிராக்கெட் கடைந்து மாட்டினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். பார்க்கவும் பிரமாதமாக இருக்கும். கார் முன்னைவிட நன்றாக நிற்கிறதா என்பது தனிக் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு. 1,200 கிலோ கார். நிற்கும்போது முன் சக்கரங்கள் மீது 720 கிலோ, பின் சக்கரங்கள் மீது 480 கிலோ என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில். முன் பின் அச்சுகளுக்கு இடையே இரண்டரை மீட்டர். ஓங்கி பிரேக் அடித்தால் கார் மூக்கைக் குத்துகிறதல்லவா? புவியீர்ப்பின் 0.8 மடங்கு வேகத்தணிப்பில் 192 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். பின் சக்கரங்களில் மிச்சம் 288 கிலோ, அதாவது மொத்த எடையில் கால்வாசிக்கும் குறைவு. எடை இல்லாத சக்கரத்துக்குத் தரையில் பிடிமானமும் இல்லை. அங்கே எவ்வளவு பெரிய பிரேக் வைத்தாலும் சக்கரம் சுழல்வது நிற்குமே தவிர, கார் நிற்காது.

வேடிக்கை என்னவென்றால், நல்ல டயர் போட்டால் பின் பிரேக்கின் பங்கு இன்னும் குறைய வேண்டும். ஒட்டிப் பிடிக்கும் டயரில் வேகத்தணிப்பு 1 மடங்கைத் தொட்டால் 240 கிலோ இடம்பெயரும். பின்னால் மிச்சம் 240 கிலோ, வெறும் ஐந்தில் ஒரு பங்கு. டயரையும் பின் பிரேக்கையும் ஒரே நாளில் 'பெரிசாக்கும்' ஆசாமி, ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகளுக்குக் காசு கொடுக்கிறார்.

முன் சக்கரம் முதலில் ஜாம் ஆனால் ஸ்டீயரிங் வேலை செய்யாது. கார் நேராகப் போய் எதிலாவது இடிக்கும். கெட்டதுதான். ஆனால் பின் சக்கரம் முதலில் ஜாம் ஆனால் வால் பக்கவாட்டில் வந்து கார் பம்பரமாகச் சுழலும். மழை பெய்த நந்தி மலை வளைவில் இறங்கும்போது அது எங்கே போய் முடியும் என்று விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் உலகெங்கும் கார் வடிவமைப்பவர்கள் முன் சக்கரம் முந்திக்கொள்ளும்படியே பிரேக்கைப் பங்கிடுகிறார்கள். காய்ந்த ரோட்டில், மெதுவான டெஸ்ட் டிரைவில் தவறான பங்கீடு காட்டிக்கொடுக்காது. முதல் மழை வரை எல்லாம் சுகமே.

கோளாறு எதிர்த்திசையிலும் போகலாம். டிரம்மில் ஒரு ஷூ சுழற்சியோடு சேர்ந்து தானே உள்ளே இழுபட்டு அழுத்திக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உபகாரம் கிடையாது. சின்ன பிஸ்டன் உள்ள காலிப்பரை மாட்டினால் பின் பிரேக் முன்பிருந்ததைவிடக் குறைந்தே போகும். பெரிய பிஸ்டன் என்றால் மாஸ்டர் சிலிண்டர் அதிக ஆயில் தள்ள வேண்டும். பெடல் ஆழமாக இறங்கும். ஹேண்ட் பிரேக்கையும் மறக்கக் கூடாது. டிரம்மில் அது இலவச இணைப்பு மாதிரி. டிஸ்க்கில் அதற்கென்று தனி ஏற்பாடு உள்ள காலிப்பர் வேண்டும்.

ரேஸ் கார்களில் முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு மாஸ்டர் சிலிண்டர்கள், நடுவே ஒரு பேலன்ஸ் பார். டிரைவர் திருகைத் திருகிப் பங்கீட்டை மாற்றிக்கொள்வார். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தளத்தில் மழை வந்தால் எடை முன்னால் பாய்வது குறையும். பின்னுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தருவார்கள். ஃபார்முலா ஒன்னில் பின் சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுப்பது அதிகமாகிவிட்டதால், 2014 முதல் பின் பிரேக்கை எலெக்ட்ரானிக்ஸ் ஆளவே அனுமதித்துவிட்டார்கள்.

தெருக் காருக்கு இதன் ஏழை உறவு, பின் பிரேக் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வு. அது குறைக்க மட்டுமே செய்யும், கூட்டாது. இதில் ஒரு கண்ணி உண்டு. முன்சக்கர இழுவை கார்களில் பிரேக் ஆயில் குழாய்கள் பெரும்பாலும் குறுக்காக ஓடும்: இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் ஒரு ஜோடி, மற்ற இரண்டும் இன்னொரு ஜோடி. ஒன்று கசிந்தாலும் மற்றது காப்பாற்றும். இரண்டு பின் குழாய்களையும் ஒரே வால்வில் இணைத்தால் ஜோடிகள் கலந்துவிடும். ஒரே கசிவில் பெடல் தரையைத் தொடும்.

இப்போதைய கார்களில் ஏ.பி.எஸ். கம்ப்யூட்டரே பின் பங்கைக் கவனித்துக்கொள்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்குச் சொல்லிக்கொடுத்தது பழைய டிரம்மின் கணக்கு. புதிய பிரேக்கோடு அது திணறுவதை டிரைவர் அறிய மாட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வேறு இருக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 2019 திருத்தம் சொல்கிறது.

வேகத்துக்கு ஏற்ற பிரேக் வேண்டாமா என்றால், நிச்சயம் வேண்டும். 100 கிலோமீட்டர் வேகம் 140 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் வெப்பமாகிறது. எனவே முதல் செலவு முன்னால்: நல்ல பேட், நல்ல டயர். அதற்கும் முன்னால், யாரும் பொருட்படுத்தாத பிரேக் ஆயில். புதிய டாட்-4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிவிட்டால் 155 டிகிரியே போதும். நந்தி மலை இறக்கத்தில் பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற ஆகும் செலவு, ஒரு அலாய் வீலின் விலையில் சிறு பகுதி.

டிரம்மைக் கேலி செய்பவர்களுக்கு ஒரு தகவல். அதே ஃபோக்ஸ்வேகன் 2020-ல் வெளியிட்ட ஐ.டி.4 மின்சாரக் காரின் எடை சுமார் இரண்டு டன். அதன் பின் சக்கரங்களில் இருப்பது டிரம். வேகத்தைத் தணிக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே செய்துவிடுவதால், எப்போதாவது வேலை செய்யும் டிஸ்க் துருப்பிடித்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.